செவ்வாய் பத்தரைக்குக் கீழே வாங்கோ

நவம்பர் நடுப்பகுதியில் லிஃப்ற் திடீரென்று வேகம் பிடிக்கும். கோடை முழுக்க மாடிக்கு மாடி நின்று ஆள் ஏற்றிய லிஃப்ற், இப்போது பன்னிரண்டாம் மாடியிலிருந்து நிற்காமல் கீழே வந்துவிடும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் பொதுக் குடியிருப்புத் தொடர்மாடிகளில் வின்டர் வந்ததை அதை வைத்தே சொல்லிவிடலாம். வேலைக்குப் போகிறவர்கள் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மற்றவர்கள், அதாவது முழங்கால் நோவோடு இருக்கிற அம்மம்மா, ஊனமுற்றோர் கொடுப்பனவில் தனியே வாழ்கிறவர், கைக்குழந்தைக்காரி எல்லாரும் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். "ஸ்னோ விட்டாப் பிறகு பார்ப்பம்" என்பார்கள். ரொறன்ரோவில் ஸ்னோ விட ஏப்ரல் ஆகும்.

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததன் கணக்கு ஏப்ரலில் தெரியும். கதிரையிலிருந்து எழும்பக் கையூன்ற வேண்டியிருக்கும். சீனி அளவு ஏறியிருக்கும். படுக்கையறைச் சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வருத்தங்கள் போலத்தான் இருக்கும். ஆனால் மூன்றையும் கவனிக்க வசதியான இடம் ஒன்று கட்டடத்திலேயே உண்டு: கீழ்த்தளத்தில், பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிற ரெக் ரூம் என்கிற பொது அறை. வின்டர் முழுக்கக் கிழமைக்கு ஒரு நாள் அயலவர்கள் அங்கே கூடி நடக்கலாம், பயிற்சி செய்யலாம், சூப் குடிக்கலாம்.

2002இல் உருவான ரொறன்ரோ கொம்யூனிட்டி ஹவுஸிங், நியூயோர்க் நகரத்தின் நிறுவனத்துக்கு அடுத்தபடியாக வட அமெரிக்காவின் மிகப் பெரிய சமூகக் குடியிருப்பு நிறுவனம். 2022 ஜூனில் முதியோருக்கான 83 கட்டடங்கள் அதிலிருந்து பிரிந்து தனிக் கழகம் ஒன்றின் கீழ் போயின. அறை கேட்கப் போகிறவர்கள் தங்கள் கட்டடம் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போன விண்ணப்பத்தின் பின்னால் அலைந்தே டிசம்பர் முடிந்துவிடும்.

அறை கிடைத்த பிறகும் கூட்டங்கள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் சாவி. சாவி ஒருவரிடம்தான் இருக்கும். அவருக்குக் காய்ச்சல் வரும். பத்துப் பேர் பூட்டிய கதவின் முன் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அடுத்த கிழமை நான்கு பேர்தான் வருவார்கள். எனவே முதல் நாளே இரண்டு பேர் பெயரில் சாவி எழுதி வாங்குங்கள், அவர்கள் இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது.

அடுத்தது நாள். பெரிய விழா ஒன்றை வருடத்துக்கு ஒருமுறை செய்கிற ஆசை எல்லாக் கட்டடத்திலும் உண்டு. மேடை, ஒலிபெருக்கி, கொத்துரொட்டி, படம். அதைச் செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் உடம்புக்கு நன்மை செய்வது டிசம்பர் முதல் மார்ச் வரை வரிசையாக வரும் பதினேழு செவ்வாய்க்கிழமைகள்தான். ஒரே நாள், ஒரே நேரம், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கதவு திறந்திருக்கும். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு நல்ல நேரம். காலை மருந்தும் சாப்பாடும் முடிந்திருக்கும், பிள்ளைகளைக் கூட்டிவர மூன்று மணிக்கு மேல்தான் போக வேண்டும். பின்னேரம் வைத்தால் சரிவராது. டிசம்பரில் நாலே முக்காலுக்குள் பொழுது படுகிறது. இருட்டின பிறகு வயதானவர்கள் வீட்டுக் கதவைத் திறக்கவே யோசிப்பார்கள், அது நாலு மாடி இறங்குவதற்கானாலும் சரி.

சாப்பாட்டோடு கூடிய கூட்டத்துக்கு மாதத்தின் நாலாவது கிழமை. ஒன்ராறியோவில் சமூக உதவிப் பணமும் ஊனமுற்றோர் கொடுப்பனவும் மாத முடிவில்தான் வருகின்றன. வருமானத்தில் 30 வீதத்தை வாடகையாகக் கொடுப்பவர்களுக்குப் பணம் வருவதற்கு முந்திய கிழமையில் ஃபிறிட்ஜில் பாலும் முட்டையும்கூட இருக்காது. பணம் வந்த முதல் இரண்டு நாளும் எல்லாரும் கடைக்குப் போயிருப்பார்கள், அப்போது கூட்டம் வைத்தால் வெறும் அறைதான். இந்தக் கணக்கு யாரிடமும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. நாலாவது கிழமை சூப் நாள் என்று ஒட்டினால் போதும்.

நடை

முதல் அரை மணி நேரம் நடை. வெளியே உறைந்து கிடந்தால் கட்டடத்துக்குள்ளேயே நடக்கலாம். பழைய கட்டடங்களின் தாழ்வாரத்தில் ஒட்டியிருக்கும் சதுர வைனில் ஓடு அனேகமாக ஓர் அடி. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடுகளை எண்ணினால் தூரம் வந்துவிடும். 150 ஓடு என்றால் ஏறத்தாழ 45 மீற்றர், போய்வந்தால் 90. பதினொரு தடவை போய்வந்தால் ஒரு கிலோமீற்றர். கையில் பதினொரு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மற்றப் பையில் போடுகிறவர்கள் எண்ணிக்கையில் தவறுவதில்லை. கைத்தொலைபேசிச் செயலியைவிட அது மேல்.

கனடாவின் உடலசைவு வழிகாட்டல் பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிட மிதமான அசைவு என்கிறது. மூச்சு சற்று வாங்க வேண்டும், கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு. செவ்வாய் ஒரு நாளால் 150 வராது என்பது உண்மை. ஆனால் செவ்வாய் சேர்ந்து நடந்த இருவர் வியாழனும் சேர்ந்து நடக்கத் தொடங்குவார்கள்.

தாழ்வாரத்தில் கவனிக்க வேண்டியவை: சப்பாத்தின் ஸ்னோவைக் கீழேயே தட்டிவிட்டு வர வேண்டும், ஈரமான வைனில் ஓடு ஐஸ் போலச் சறுக்கும். வெறும் சொக்ஸோடு நடக்கவே கூடாது. சேலை கட்டுகிறவர்கள் ஓரத்தை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்ட வேண்டும். இளைப்பாற என்று கதிரையைத் தாழ்வாரத்தில் போட்டால் தீயணைப்புச் சட்டப்படி அது தடை, அகற்றச் சொல்வார்கள். படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவுக்குக் கட்டை வைத்துத் திறந்து விடுவதும் அப்படியே; தீப்பிடித்தால் புகை ஏறுவது அந்த வழியால்தான். ஒரே மாடியில் எட்டுப் பேர் சத்தமாகக் கதைத்துக்கொண்டு நடந்தால் இரவு வேலை முடித்துப் படுத்தவர் முறைப்பாடு கொடுப்பார், அதில் பிழையும் இல்லை. கிழமைக்கு ஒரு மாடி என்று மாற்றினால் சண்டை வராது.

கதிரை

நடை முடிந்ததும் கதிரைப் பயிற்சி. நேரான முதுகு, சில்லில்லாத கால், இருக்கை உயரம் 43 முதல் 45 சென்ரிமீற்றர். மடிக்கிற பிளாஸ்ரிக் கதிரை பின்னால் சாயும், எனவே சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும்.

தொடங்கும் முன் எல்லோரையும் ஒருமுறை அளந்து எழுதி வைப்பது நல்லது. கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தரம் முழுதாக எழும்பி உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11க்குக் குறைந்தாலும், ஆணுக்கு 12க்குக் குறைந்தாலும் விழும் ஆபத்துக் கூட. 80 முதல் 84 வரை பெண்ணுக்கு 9, ஆணுக்கு 10. கையை ஊன்றினால் அந்தச் சோதனையில் சுழியம். இதைக் கேட்டதும் பலருக்கு ரோசம் வரும், அந்த ரோசம் நல்லதுதான். மார்ச்சில் திரும்ப எண்ணும்போது 7 என்றிருந்தது 10 ஆனால் வேறு ஊக்கம் தேவையில்லை.

பயிற்சி எளிது. எழும்பி உட்காருதல் எட்டுத் தரம், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதி உயர்த்தல் பத்து. பிறகு ஒரு பாதத்தின் குதி மற்றப் பாதத்தின் விரலைத் தொட நேர்கோட்டில் நிற்பது. பத்து விநாடி நிற்க முடியாதவர்கள் ஒரு கையை மேசையில் வைத்துக்கொண்டு பழகலாம். எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு: எழும்பும்போது மூச்சை அடக்குவது. பிரஷர் மருந்து எடுப்பவருக்குத் தலைசுற்றல் வருவது அப்போதுதான். எழும்பும்போது சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருகிறவர் ஒருவராவது இருப்பார். மேசையில் ஒரு பெட்டி சீனிக் கட்டியோ பழச்சாறோ இருக்க வேண்டும்.

சூப்பும் பொங்கலும்

30 பேருக்குச் சூப் என்றால் தலைக்கு ஒரு கோப்பை, 250 மில்லிலீற்றர், மொத்தம் ஏழரை லீற்றர். மைசூர்ப் பருப்பு 1.2 கிலோ, தண்ணீர் ஆறரை லீற்றர், கரட், கோவா, லீக்ஸ், தக்காளி சேர்த்து ஒன்றரைக் கிலோ. மஞ்சள், இஞ்சி, உள்ளி, மிளகு, சீரகம். மைசூர்ப் பருப்புக்கு ஊறல் தேவையில்லை, 25 நிமிடத்தில் கரைந்துவிடும். அடிப்பிடிப்பதுதான் வில்லங்கம். பருப்புக் கரையத் தொடங்கியதும் அது அடியில் தங்கிவிடும், அந்த நேரத்தில் நெருப்பைப் பாதியாகக் குறைத்து அடியோடு கிளற வேண்டும். அடிப்பிடித்தால் கிளறக் கூடாது, மேலுள்ளதை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட வேண்டும்.

உப்பில்தான் சண்டை வரும். ஒரு தேக்கரண்டி உப்பில் 2300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கான மேல் எல்லையே அவ்வளவுதான். ஏழரை லீற்றருக்கு நாலரைத் தேக்கரண்டி போட்டால் கோப்பைக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் வரும். "உப்பில்லை" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். தேசிக்காய்ப் புளியும் பச்சைக் கொத்தமல்லியும் கடைசியில் போட்டால் அந்தக் குறை பாதிக்கு மேல் மறையும். உப்புப் போத்தலை மேசையில் வைக்காதீர்கள்.

பரிமாறும்வரை சூப் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். பதினைந்து டொலர் சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகம் தேவையில்லை. மிஞ்சினதைப் பானையோடு ஃபிறிட்ஜில் வைப்பதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. ஐந்து லீற்றர் பருப்பு நடுவில் குளிர நாள் பாதி எடுக்கும், அந்த இளஞ்சூட்டில்தான் கிருமி பெருகும். இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டையான பாத்திரங்களில் ஊற்றினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் 20 டிகிரிக்கும், அடுத்த நாலு மணித்தியாலத்துக்குள் 4 டிகிரிக்கும் இறங்கிவிடும். வீட்டுக்குக் கொடுத்துவிடுவதானால் மறுநாள் 74 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்லிக் கொடுங்கள். சுருக்கமாகச் சொன்னால், நன்றாகக் கொதிக்கட்டும்.

ஜனவரி நடுவில் பொங்கல் வரும். ஒன்ராறியோ 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்ததால், கட்டட அலுவலகத்திடம் அறை கேட்கும்போது காரணம் சொல்ல வசதியாக இருக்கிறது. ரெக் ரூமுக்குள் விறகும் இல்லை, வாயு அடுப்பும் இல்லை. கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்தால் கார்பன் மொனொக்சைட்டு ஆளைக் கொன்றுவிடும். மிஞ்சியது மின் தூண்டல் அடுப்பு. அதில் மண் பானையும் பித்தளைப் பானையும் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடி தட்டையான எவர்சில்வர் பானை வேண்டும், கடைக்குக் காந்தத்தோடு போங்கள். பால் பொங்கி வழிந்தால் கண்ணாடித் தட்டில் பட்டு அடுப்பு தானாக நின்றுவிடலாம். பானையில் முக்கால் பங்குக்குப் பாலை ஊற்றி, பொங்கி விளிம்புக்கு வந்ததும் ஆரவாரம் செய்துவிட்டு உடனே சூட்டைக் குறைப்பதுதான் தொடர்மாடிப் பொங்கல்.

மின்சாரத்தை முதல் நாளே சோதிக்க வேண்டும். சாதாரணச் சுற்று 15 ஆம்பியர், 120 வோல்ற். 1500 வாற் அடுப்பு ஒன்றே பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். அதே சுற்றில் தேநீர்க் கெண்டியையும் போட்டால் பிறேக்கர் விழும், பிறேக்கர்ப் பெட்டியின் சாவி பராமரிப்பாளரிடம் இருக்கும், அவர் மூன்று கட்டடம் தள்ளி நிற்பார். அறையின் எதிரெதிர்ச் சுவர் செருகிகள் வேறு சுற்றில் இருக்கின்றனவா என்று பார்த்து வையுங்கள்.

ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ வறுத்த பயறு. சர்க்கரை வழக்கமாக ஒரு கிலோ போடுவார்கள். 600 கிராமும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் போதும். 50 சிறிய கோப்பைக்கு வரும், தலைக்குப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை. நீரிழிவுக்காரரைத் தனியே உட்கார்த்தி வேறு சாப்பாடு கொடுக்கத் தேவையில்லை. எல்லாருக்கும் கோப்பையைச் சிறிதாக்குவதே மரியாதை.

சன்னல் அழுகிறது

சூப் குடிக்கும்போது வருகிற பேச்சு பெரும்பாலும் வீட்டைப் பற்றியது. சன்னலால் தண்ணீர் வழிகிறது, சுவர் கறுக்கிறது, ஹீற்றர் வேலை செய்யவில்லை. இங்கேதான் கூட்டத்தின் மெய்யான பயன் என்று சொல்லலாம். ஒருவர் தன் வீட்டுக் குறை என்று வெட்கப்பட்டு மறைத்தது, நேர்மேலும் நேர்கீழும் உள்ள வீடுகளிலும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியவரும். ஒரே நிரையில் நாலு வீடு கறுத்தால் அது குழாய்க் கசிவாகவோ காற்றுப்போக்கியின் அடைப்பாகவோ இருக்கலாம். ஒரு வீடு மட்டும் என்றால் அனேகமாக உள்ளே உண்டாகும் ஈரம்.

அதை அளக்கலாம். ஈரப்பதமானி பதினைந்து டொலருக்குள் கிடைக்கும். கூட்டத்துக்கு ஒன்று வாங்கி, கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்றவிடலாம். வின்டரில் 30க்கும் 40க்கும் இடையில் இருந்தால் நல்லது, வெளியே குளிர் கூடக் கூட 30 பக்கம் இறங்க வேண்டும். 21 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 வீதம் என்றால் 7 டிகிரிப் பரப்பில் நீர் படியும். 60 வீதம் என்றால் 13 டிகிரிப் பரப்பிலேயே படியும். வெளியே மைனஸ் பத்து என்றால் பழைய அலுமினியச் சன்னல் சட்டத்தின் உட்பக்கம் அந்த 7 டிகிரியைவிடக் குளிராகவே இருக்கும். அதனால் அது அழும். சன்னலைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் ஈரம் குறையாது.

ஈரம் வருவது எங்களுடைய சமையலாலும் உடுப்பாலும். புட்டும் இடியப்பமும் அவித்து மூடியைத் திறந்தால் ஒரு பானை நீராவி அறைக்குள். உடுப்பை வீட்டுக்குள் காயப்போட்டால் அதிலிருந்த தண்ணீர் முழுக்கக் காற்றில். அவிக்கும்போதும் முடித்து இருபது நிமிடத்துக்கும் காற்றுப்போக்கி ஓட வேண்டும். குளியலறைக் காற்றுப்போக்கி உண்மையில் இழுக்கிறதா என்று ஒற்றைத் தாள் கழிவறைக் கடதாசியை அதன் முன் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. விழுந்தால், சத்தம் மட்டும் போடுகிறது என்று அர்த்தம், முறைப்பாடு எழுதுங்கள். கட்டிலையும் அலுமாரியையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள், அந்த இடுக்கில் காற்று ஓடாததால்தான் முதல் பூஞ்சணம் அங்கே வரும். தடித்த சீலைத் திரையால் ஹீற்றரை மூடுவதும் அதே வேலையைச் செய்கிறது. சிறிய இடத்தில் பூஞ்சணம் என்றால் சவர்க்காரத் தண்ணீரும் கந்தைத் துணியும் போதும், பிளீச் அவசியமில்லை. ஒரு சதுர மீற்றருக்கு மேல் படர்ந்தால் நீங்களே சுரண்டாமல் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்.

வெப்பமும் இப்படித்தான். வின்டரில் வாடகை வீட்டுக்குள் 21 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரச் சட்டம். "சரியான குளிர்" என்று தொலைபேசியில் சொன்னால் ஒன்றும் நடக்காது. அறையின் நடுவில், நெஞ்சு உயரத்தில், சன்னலுக்குத் தள்ளி வெப்பமானியை வைத்து, காலை ஏழு, மதியம், இரவு பத்து என்று மூன்று நாள் எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் அதே தாளில் எழுதுங்கள். அலுவலகம் அசையாவிட்டால் நகரசபையின் 311 இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். ஆங்கிலத்தில் சொல்லக் கூச்சப்படுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை அங்கே உண்டு. செவ்வாய்க்கிழமை மேசையில் ஒரு பிள்ளையோ அயலவரோ பக்கத்தில் இருந்து கூப்பிட்டுக் கொடுத்தால் இன்னும் சுகம்.

குளிருக்காகச் சமையல் ஓவனைத் திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வாயு ஓவன் என்றால் அதே கார்பன் மொனொக்சைட்டு. மின் ஹீற்றர் வைப்பதானால் சுவர்ச் செருகியில் நேரடியாக, நீட்டிப்பு வயரில் இல்லை, திரைக்கும் கட்டிலுக்கும் ஒரு மீற்றர் தள்ளி. படுக்கும் முன் நிறுத்திவிட வேண்டும்.

வெளியே போகத்தான் வேண்டும்

மருந்தகம், கோயில், வங்கி என்று வெளியே போகாமல் முடியாது. சப்பாத்து வாங்கும்போது விலையோ உள்ளே இருக்கிற கம்பளியோ அல்ல, அடிப்பாகத்தின் பிடிதான் முக்கியம். ரொறன்ரோவின் கைட் ஆய்வு நிலையம் ஐஸ் தளத்தைச் சரித்துச் சப்பாத்துகளைச் சோதித்து, 7 டிகிரிச் சரிவில் சறுக்காதவற்றுக்கு ஒரு பனிச்செதில் சின்னம் கொடுக்கிறது. ரேட் மை ட்ரெட்ஸ் என்ற அதன் இணையப் பக்கத்தைப் பேரப்பிள்ளையிடம் காட்டச் சொல்லலாம். 7 டிகிரி என்பது நடைபாதை ஓரத்துச் சரிவு.

வாசலில் உப்பு வாளி இருந்தாலும் மைனஸ் பத்துக்குக் கீழே உப்பு மெதுவாகவே வேலை செய்யும். அந்த நாளில் மணலே பிடி கொடுக்கும். நடக்கும்போது கைகளைப் பைக்குள் விடாமல், பாதத்தைச் சிறிதாக வைத்து, தட்டையாக ஊன்ற வேண்டும். காற்றோடு சேர்ந்து மைனஸ் 28 போல் உணரப்படுகிற நாளில் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையத் தொடங்கும். அந்த நாளில் அலுவலை மறுநாளுக்குத் தள்ளுவது சோம்பல் அல்ல.

வெயில் பட்டாலும் ரொறன்ரோவின் அட்சரேகையில் வின்டர் வெயிலால் தோலில் விற்றமின் டி உண்டாவது மிகக் குறைவு, எங்கள் நிறத்துக்கு இன்னும் குறைவு. ஐம்பது தாண்டியவர்கள் நாளுக்கு 400 அலகு மாத்திரை எடுக்கும்படி கனடிய உணவு வழிகாட்டி சொல்கிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். ஃபுளூக் காய்ச்சல் தடுப்பூசி ஒன்ராறியோவில் இலவசம். பாதுகாப்பு வர இரண்டு கிழமை செல்லும் என்பதால் முதல் செவ்வாய்க்கு முன்னரே போட்டுவிட்டால் நல்லது, கூட்டமே கிருமி பரப்பும் இடமாகிவிடக் கூடாது. இருமலோடு வந்தவரைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம், சூப்பை மேலே கொண்டுபோய்க் கதவடியில் வைத்துவிடலாம்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே போகும். அதற்கு அடுத்த செவ்வாய் பாதிப் பேர் பதினொன்றரைக்குத்தான் வருவார்கள், கூட்டத்தை அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்குங்கள். கடைசிக் கிழமையில் கதிரைச் சோதனையைத் திரும்ப எண்ணி எழுதி, ஈரப்பதமானியின் மின்கலத்தைக் கழற்றி, சாவி இரண்டையும் யாரிடம் கொடுத்தோம் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். நவம்பரில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.